கேட்டியில் ஒரு மார்கழித் தேனிலவு

தேனிலவு என்ற சொல்லை எமது ஊர்களில் பெரும்பாலும் சினிமாப் படங்களில்தான் கேட்டிருக்கிறோம். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் கால்மாறிப் போவார்கள். பிறகு பெரியப்பா வீடு, மாமி வீடு, சித்தி வீடு என்று இரண்டு கிழமைக்கு விருந்துக்கு மேல் விருந்து. வசதி உள்ள சிலர் நுவரெலியாவுக்குப் போய்க் குளிரில் நடுங்கிவிட்டு வருவார்கள். அவ்வளவுதான்.

அந்த விருந்துகளுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு ஒரு பயனும் இருந்தது. புதிதாக வந்தவருக்கு எந்த ஒழுங்கையால் போனால் எந்த வீடு வரும், அவசரத்துக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டலாம், யாரோடு கவனமாகக் கதைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த இரண்டு கிழமையில் விளங்கிவிடும். இங்கே கேட்டியில் எமக்கு மாமி வீடும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. விருந்துக்கு அழைக்க யாரும் இல்லாத ஊரில் புதிதாக வந்தவருக்கு ஊரைக் காட்டுவது யார்?

எமது நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வாசகர்களில் பலருக்கு இது புதிய கதையாக இராது. எம்மில் ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போக முடியாதவர். மற்றவர் ஊரில் இருந்தவர். இப்படிப்பட்டவர்களின் கலியாணங்கள் நடக்கும் இடம் ஒன்றில் சென்னை, அல்லது திருச்சி. எமது கலியாணம் திருச்சியில் நடந்தது. பத்து நாட்கள் சேர்ந்திருந்தோம். அதன்பின் ஒருவர் டெக்சாசில், மற்றவர் ஊர்காவற்றுறையில். நடுவில் தொலைபேசி. விசா கைக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே சென்ற மார்கழியில் எமது கணக்கு இப்படி இருந்தது: ஒருவர் கேட்டிக்கு வந்து எட்டு வருடம், மற்றவர் வந்து எட்டுக் கிழமை. மணமாகி மூன்றாவது வருடம் நடந்தாலும் சேர்ந்து வாழ்ந்த நாட்களைக் கூட்டினால் மூன்று மாதமும் இல்லை. எம்மைப் புதுமணத் தம்பதி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது!

வேலைத்தலத்தில் உள்ளவர்கள் மெக்சிகோவுக்குப் போகச் சொன்னார்கள். ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் தங்கள் வீட்டில் வந்து நிற்கச் சொன்னார்கள். ஆனால் நிரந்தர வதிவிட அட்டை அப்போது தபாலில் வந்து சேரவில்லை. கடவுச்சீட்டில் குத்திய முத்திரையே தற்காலிக அட்டையாகச் செல்லும் என்பது உண்மைதான். என்றாலும் ஒரு எல்லையில் நின்று அதை அதிகாரிக்கு விளங்கப்படுத்தும் துணிவு எமக்கு வரவில்லை. தெற்கே சவுத் பாட்ரே தீவு நல்ல கடற்கரை, அது டெக்சாசுக்கு உள்ளேயே இருக்கிறது என்றார் ஒரு நண்பர். அங்கிருந்து வடக்கே திரும்பும் 77ஆம் இலக்க நெடுஞ்சாலையில் சரீட்டா என்ற இடத்தில் எல்லைக் காவல் படையினர் எல்லா வாகனங்களையும் நிறுத்திக் கேட்கும் சோதனைச் சாவடி இருக்கிறது. சோதனைச் சாவடி என்ற சொல்லே எமக்குப் போதும். (வழக்கு முடியாமல் இருப்பவர்கள் இந்த வீதியில் போவதற்கு முன்னர் கட்டாயம் தமது சட்டத்தரணியைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பயணம்தானே என்று எண்ண வேண்டாம்.)

எனவே டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை கிடைத்த ஏழு நாள் விடுமுறையில் ஹூஸ்டனைச் சுற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஹோட்டல் இல்லை. இரவில் எமது வீட்டுக் கட்டில்தான். ஒரேயொரு விதி வைத்துக்கொண்டோம். எட்டு வருடக்காரர் வழி சொல்லக்கூடாது. எட்டுக் கிழமைக்காரர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும் வழியில்தான் போக வேண்டும், பிழைத்தாலும் சரி.

இங்கே குளிர்காலம் பற்றி ஒரு வார்த்தை. கனடாவில் இருக்கும் எம்மவர் டெக்சாசுக் குளிரைக் கேட்டுச் சிரிப்பார்கள். தை மாதத்தில்கூட ஹூஸ்டனில் பகல் வெப்பம் சராசரி 17 பாகை செல்சியஸ், இரவில் 6 அல்லது 7 பாகை. ஆனால் வடக்கிலிருந்து ஒரு காற்று வரும். காலையில் கைச்சட்டையோடு வெளிக்கிட்டவர் மத்தியானத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பார். கம்பளிச் சட்டை ஒன்று காரில் எப்போதும் கிடக்கட்டும். இந்த ஊர் வீடுகள் வெக்கைக்குக் கட்டியவை, உறைபனிக்கு அல்ல. 2021 பெப்ரவரியில் வந்த பனிப்புயலில் டெக்சாசில் 45 இலட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் நின்றது. அரசாங்கக் கணக்கின்படியே 246 பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் குளிரால் அல்ல, வீட்டுக்குள்ளே கரி அடுப்பு மூட்டியும் கராஜுக்குள் காரை ஓடவிட்டும் நச்சுப் புகையால் இறந்தவர்கள். எமது சனங்களுக்கு அடுப்பு மூட்டிக் குளிர் காய்வது இயல்பான காரியம். அதனால்தான் தேனிலவுக் கட்டுரையில் இதை எழுதுகிறோம். உறைபனி அறிவித்தால் வெளியில் உள்ள குழாய்களைத் துணியால் சுற்றுங்கள், உள்ளே குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து விடுங்கள். கரியை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

இனிப் பயணத்துக்கு வருவோம்.

கேட்டியில் கார் இல்லாமல் பால் வாங்கப் போவதே கடினம். ஆனால் நகரத்துக்குள் போகக் கார் தேவையில்லை என்பதை எட்டு வருடக்காரரும் அன்றுதான் அறிந்துகொண்டார். கிங்ஸ்லாண்ட், அடிக்ஸ் ஆகிய இடங்களில் காரை நிறுத்திவிட்டு ஏறக்கூடிய மெட்ரோ பஸ்கள் வேலை நாட்களில் நகர மையத்துக்குப் போகின்றன. சனி ஞாயிறில் இல்லை. பஸ் தனி வழியில் விரைந்து போக, ஐ-10 நெடுஞ்சாலையில் கார்கள் எறும்பு வரிசையாக நின்றன. 2008இல் பெருப்பித்துக் கட்டிய இந்த வீதி பக்க வீதிகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள் அகலம்! அப்படியும் நெரிசல் தீரவில்லை என்பது வேறு கதை.

நகர மையத்தில் மனிதர்களைக் காணவில்லையே என்று பார்த்தால் அவர்கள் நிலத்துக்குக் கீழே நடக்கிறார்கள். கட்டடங்களை இணைத்து ஏறத்தாழ 20 அடி ஆழத்தில் 6 மைலுக்கு மேல் சுரங்கப் பாதைகள். உள்ளே கடைகள், உணவகங்கள், முடிதிருத்தும் நிலையம்கூட. நத்தார் விடுமுறையானபடியால் பல கடைகள் பூட்டியிருந்தன. நிலத்துக்குக் கீழே இறங்குவது என்றால் எம்மவருக்கு வேறு நினைவுதான் வரும். எம்மில் ஒருவர் பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க விரும்பவில்லை. ஏன் என்று மற்றவர் அப்போது கேட்கவில்லை.

மேலே வந்து ரயில் ஏறினோம். ஹூஸ்டனின் இந்த ரயில் 2004 ஜனவரி 1இல் ஓடத் தொடங்கியது. கட்டணம் 1.25 டொலர். சிவப்புப் பாதையில் தெற்கே போனால் ஹேர்மன் பூங்கா வரும். அங்கே ஒரு காந்தி சிலை நிற்கிறது. 2004 ஒக்டோபர் 2இல் திறந்து வைத்தது. பூங்காவைச் சுற்றி நடக்க ஒரு சதமும் தேவையில்லை. பகல் உணவாகக் கட்டிக்கொண்டு போன புட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் காந்திக்குப் பக்கத்தில் இருந்தே சாப்பிட்டோம்.

பணம் கொடுக்காமல் பார்க்கக்கூடிய இன்னும் இரண்டு இடங்கள் மொன்ரோஸ் பகுதியில் உள்ளன. ஒன்று 1987இல் திறந்த மெனில் ஓவியக் கூடம். அதற்குப் பக்கத்தில் ரொத்கோ தியான மண்டபம், 1971இல் திறந்தது. எட்டு மூலைச் சுவர்களில் 14 பெரிய ஓவியங்கள். எல்லாம் கறுப்பும் கருஊதாவும்தான். உருவம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த ஓவியங்கள் எமக்கு விளங்கவில்லை. ஆனால் எந்தச் சமயத்தவரும் வந்து சத்தமில்லாமல் இருக்கலாம் என்று வாங்குகள் போட்டிருக்கிறார்கள். அரை மணித்தியாலம் ஒரு வார்த்தை கதைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். இரண்டு வருடம் தொலைபேசியில் வாழ்ந்தவர்களுக்குக் கதைக்காமல் இருக்கத் தெரியாது. தொலைபேசியில் மௌனம் வந்தால் கோபமா, இணைப்பு அறுந்ததா என்ற பதற்றம் வந்துவிடும்.

படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு மேற்குப் பக்கத்தில் நீர்ச்சுவர் இருக்கிறது. 64 மாடிக் கோபுரம் ஒன்றுக்கு முன்னால் 64 அடி உயர அரைவட்டச் சுவர். நிமிடத்துக்கு 11,000 கலன் தண்ணீர் அதில் வழிகிறது. மணக்கோலத்தில் சோடிகள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். நாமும் கூறைச் சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு நின்றோம். அந்தப் படம் ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. விண்வெளி நிலையத்துக்கு நாம் போகவில்லை. நுழைவுக் கட்டணம் அதிகம், பிள்ளைகள் வந்த பிறகு போகலாம்.

பெல்லயர் வீதியில் வியட்நாமியர் கடைகளுக்குள் நுழைந்தபோது ஊர்ச் சந்தைக்குள் போனது போல இருந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்த பிறகு கையில் ஒன்றும் இல்லாமல் வந்திறங்கிய மக்கள். இன்று ஒரு பெரிய வீதி நீளத்துக்கு அவர்களின் எழுத்தில் பலகைகள். முருங்கை இலையும் பச்சை மீனும் அங்கே வாங்கலாம்.

நான்காம் நாள் கால்வெஸ்டன் போனோம். கேட்டியிலிருந்து ஏறக்குறைய 80 மைல். இதற்கு மட்டும் கார் வேண்டும். ஏழு நாட்களில் எமக்கு மறக்க முடியாத இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

கால்வெஸ்டன் ஒரு தீவு. அதன் கிழக்கு முனையிலிருந்து பொலிவார் முனைக்கு மாநில அரசின் படகு இரவு பகலாக ஓடுகிறது. காரையும் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கடலைக் கடக்கும். கட்டணம் கிடையாது. ஊர்காவற்றுறைக்காரர் இதை நம்பவே இல்லை.

"இஞ்சாருங்கோ, இந்தப் பாதைக்குக் காசு இல்லையோ? திரும்பி வரேக்கை கேட்பினமோ?"

"திரும்பி வரேக்கையும் இல்லை."

"அப்ப இன்னொருக்காப் போவம்."

படகுக்கு ஊரில் 'பாதை' என்றுதான் பெயர். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் பாதையில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவருக்கு, கடற்கோட்டையைப் பார்த்துக்கொண்டே அக்கரை சேர்ந்தவருக்கு, இங்கே கோட்டைக்குப் பதிலாக எண்ணெய்க் கப்பல்கள். மற்றபடி உப்புக் காற்றும் இயந்திரத்தின் உறுமலும் ஒன்றுதான். கூழைக்கடாக்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு பறந்தன. ஓங்கில்கள் இரண்டு படகுக்கு முன்னால் துள்ளின. நாம் மூன்று தடவை போய் வந்தோம். கேட்டியைத் தன் ஊர் என்று சொல்ல வராதவருக்கு இந்தக் கடல் மட்டும் உடனே பழகிவிட்டது.

இந்தத் தீவின் கதையும் எமக்குப் பொருந்தும். 1900 செப்டெம்பர் 8இல் வந்த சூறாவளி இங்கே ஆறாயிரத்துக்கும் குறையாதவர்களைக் கொன்றது. எண்ணாயிரம் என்பார்கள், அதற்கு மேலும் என்பார்கள். அமெரிக்க வரலாற்றில் இயற்கை அழிவு ஒன்றில் இத்தனை பேர் இறந்தது வேறு இல்லை. தப்பியவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 17 அடி உயரத்தில் கடற்சுவர் கட்டினார்கள். அதோடு நிற்காமல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களைத் திருகு யாக்கிகளால் தூக்கி, அடியில் கடல் மணலை நிரப்பி, ஊரையே உயர்த்தினார்கள். இன்று அந்தச் சுவர் 10 மைலுக்கு மேல் நீளம். சுவரின் மேல் சோடியாக நடப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

இன்னொன்று. 1907க்கும் 1914க்கும் இடையில் ரஷ்யப் பேரரசில் இனக் கலவரங்களுக்குத் தப்பிய யூதர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் ஜெர்மனியின் பிறேமன் துறைமுகத்தில் கப்பல் ஏறி இங்கே இறங்கினார்கள். நியூயோர்க்கில் நெரிசல் என்று திட்டமிட்டு இந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டவர்கள். ஹென்றி கோகன் என்ற யூத குருவானவர் துறைமுகத்துக்கே போய் அவர்களை வரவேற்பார். வேலை இருக்கும் ஊருக்கு ரயில் ஏற்றி அனுப்புவார்கள். மொழி தெரியாமல், எந்த ஊருக்குப் போகிறோம் என்றும் சரியாகத் தெரியாமல், அந்தத் துறைமுகத்தில் புதுமணத் தம்பதிகளும் இறங்கியிருப்பார்கள்தானே என்று நாம் பேசிக்கொண்டோம்.

அடுத்து எழுதுவதை எழுதலாமா விடலாமா என்று நாம் இருவரும் யோசித்தோம். புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

ஹூஸ்டன் நகர எல்லைக்குள் வாணவெடி கொளுத்தச் சட்டம் விடாது. ஆனால் எந்த நகரசபைக்கும் உட்படாத புறநகர்ப் பகுதிகளில் விடும். நாம் இருப்பது அப்படிப்பட்ட பகுதியில். புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெடி. டிசம்பர் 30 இரவு முதல் வெடி வெடித்தது. சமையலறையில் நின்றவர் திரும்பிப் பார்த்தபோது மற்றவரைக் காணவில்லை. தேடினால், உடுப்பு வைக்கும் சின்ன அறைக்குள் விளக்கைப் போடாமல் நிலத்தில் இருந்தார். இருவரில் யார் என்று சொல்லத் தேவையில்லை. எட்டு வருடமாகப் புதுவருட இரவிலும் ஜூலை 4ஆம் திகதி இரவிலும் அவர் கேட்டு வாங்கி இரவு வேலை செய்து வந்திருக்கிறார். களஞ்சியசாலையில் இயந்திர இரைச்சலில் வெளியே வெடிப்பது கேட்காது. இந்த வருடம்தான் தேனிலவு என்று விடுமுறை எடுத்தார்.

2009 மாசி முதல் வைகாசி வரை வன்னியில் அவர் எங்கே இருந்தார், யாரோடு போனார், யாரோடு வெளியே வந்தார் என்பதை அன்றிரவுதான் அந்த அறைக்குள் இருந்தபடி முதன்முதலாகச் சொன்னார். தொலைபேசியில் இரண்டு வருடம் கதைத்தும் அது வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. மற்றவர் தீவுப் பகுதியில் வளர்ந்தவர், அந்த மாதங்களை வானொலிச் செய்தியாக மட்டும் அறிந்தவர். ஒரே நாட்டவர், ஒரே மொழி, ஒரே சாதகப் பொருத்தம். ஆனால் யுத்தம் ஒன்றல்ல. பொருத்தம் பார்க்கும்போது இதை யாரும் கேட்பதில்லை.

மறுநாள் பகலில் வீதியில் நடந்தபோது ஒரு காரியம் கண்ணில் பட்டது. எதிர் வரிசை வீடொன்றின் புல்வெளியில், 'இங்கே போர்முனையிலிருந்து திரும்பியவர் வசிக்கிறார், வெடி கொளுத்தும்போது தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்' என்று ஒரு சின்னப் பலகை. இந்த நாட்டின் பழைய படைவீரர்கள் பலர் வீடுகளில் இப்படி வைப்பதுண்டாம். எட்டு வருடமாக அந்த வழியால் காரில் போனவர் அதைக் கண்டதில்லை. அன்று மாலை அந்த வீட்டுக்காரர் வெளியே நின்றார். எமது அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னோம். அவர் நீண்ட கதை ஒன்றும் கேட்கவில்லை. இரவு பத்து மணி முதல் பின்கட்டு அறையில் விசிறியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படம் பார்ப்பேன், நள்ளிரவு அரை மணித்தியாலம்தான் மோசம், ஒரு மணிக்குப் பிறகு அடங்கிவிடும் என்றார். எந்த நேரத்தில் தொடங்கும், எந்த நேரத்தில் முடியும் என்று தெரிந்திருப்பதே பாதி மருந்து. அப்படியே செய்தோம். உங்கள் வீட்டில் யாராவது ஜூலை 4ஆம் திகதி இரவு காரணம் சொல்லாமல் வேலைக்குப் போகிறாரா என்று ஒருமுறை பாருங்கள். குடும்ப வைத்தியரிடமும் இதைச் சொல்லலாம், இது வெட்கப்படும் விடயம் அல்ல.

வெடி ஓய்ந்த பின்னரும் நித்திரை வரவில்லை. விடியப் புறப்பட்டு வடமேற்கே வயல் வெளிக்குப் போனோம். ஆறு நாள் ஹூஸ்டனைச் சுற்றியவர்கள் கேட்டியைப் பார்க்கவில்லையே!

இன்று கடைத்தொகுதிகளும் ஒரே அச்சில் வார்த்த வீடுகளும் நிறைந்த கேட்டி ஒரு காலத்தில் நெல் விளைந்த ஊர். பழைய ஊர்ப் பகுதியில் நெல் உலர்த்தும் உயரமான களஞ்சியங்கள் நிற்கின்றன. ஊரின் பெயரே மிசூரி - கான்சஸ் - டெக்சாஸ் ரயில் பாதையின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். வெளியே பல ஆயிரம் ஏக்கர் புல்வெளியைக் கட்டடக்காரரிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பயிர் வெட்டிய வயல்களிலும் தண்ணீர் தேங்கிய பள்ளங்களிலும் மார்கழியில் வெள்ளை வாத்துகள் வந்து இறங்கும். வட துருவத்துக்கு அருகிலிருந்து வருபவை. முன்னர் இலட்சக்கணக்கில் வந்தனவாம். நெல் குறையக் குறைய அவையும் குறைந்துவிட்டன. நாம் கண்டது சில நூறு இருக்கும். சாம்பல் நிறப் பெருங்கொக்குகளும் நின்றன. ஒரு வாத்து எழும்ப, எல்லாம் சேர்ந்து எழும்பின. வானம் முழுவதும் இரைச்சல்.

"சுண்டிக்குளத்துக்கும் மாரி காலத்திலை இப்பிடித்தான் வரும்" என்றார் வன்னிக்காரர்.

பிறகு பெயர்லாண்டில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். 1979இல் பிள்ளையார் கோயிலாகத் தொடங்கி 1982இல் அம்மனுக்குக் குடமுழுக்குக் கண்ட கோயில். புதுவருட நாளில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம், நேரத்தோடு போய்விடுங்கள். ஏழு நாளுக்கும் எமக்கு முடிந்த செலவு, பெற்றோலும் சேர்த்து, 200 டொலருக்குள்.

ஜனவரி 6ஆம் திகதி எட்டுக் கிழமைக்காரர் தனியாகக் கிங்ஸ்லாண்டில் பஸ் ஏறி நகர மையம் போய், ரயில் மாறி, காந்தி சிலை வரை போய்த் திரும்பினார். மற்றவர் வேலையில் இருந்தார். நான்கு தடவை தொலைபேசி எடுத்தார், மூன்று தடவை பதில் இல்லை. நிலத்தடிப் பாதையில் இணைப்புக் கிடைக்கவில்லையாம். வாத்துகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெப்ரவரி நடுப்பகுதிக்குள் போங்கள். கேட்டி - ஹொக்லி வீதியில் உள்ள போல் ரஷிங் பூங்காக் குளங்களில் தொடங்கலாம். சூரியன் ஏறிய பிறகு போனால் ஒன்றையும் காணமாட்டீர்கள்.